சீட்டுச் சாமியின் சிவப்புக் கயிறு

சிலிபின் மண்டபத்தில் அன்று நிற்க இடமில்லை. திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள், போக்கர் சீட்டுப் போட்டி. பரிசு வெறும் கோப்பைதான். ஆனால் பாதிக் கூட்டம் வந்தது சீட்டுச் சாமியைத் தரிசிக்க. போன வருஷம் வரை தண்ணீர் ஃபில்டர் விற்ற சன்னாசிக்கு இந்த வருஷம் அருள் வந்திருந்தது. ஐம்பது வெள்ளி கொடுத்தால் சிவப்புக் கயிறு கட்டிவிடுவார். ஏஸோ ராஜாவோ வரும்வரை காத்திருக்க வேண்டும்; வேறு சீட்டை ஆடினால் விரதம் கெட்டுவிடுமாம்.

ஜெலாப்பாங் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஷர்வினும் கட்டிக்கொண்டான். "இன்னிக்கு ஜெயிச்சா நாளைக்கே வேலைய விட்டுருவேன். இனிமே சீட்டுதான் பொழப்பு. சாமியே சொல்லிட்டாருலா!" என்றான் மனைவி துளசியிடம்.

துளசி தானும் ஒரு சிவப்புக் கயிற்றோடு போட்டிக்கு வந்து உட்கார்ந்தாள். ஷர்வினுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

மேசையில் ஒன்பது பேர், ஒன்பது கயிறு. அவசரப்பட்ட ஐந்து பேர் தோற்று எழுந்தார்கள். "விரதம் கெட்டுப்போச்சு," என்றார் சாமி. காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒன்பது பேர் மேசையில் சும்மா காத்திருக்கக் கயிறு வேண்டாம், தூக்கம் வந்தாலே போதும்.

நால்வர் ஆனதும் கதை மாறியது. முறை வரும்போது கட்டாயமாக வைக்க வேண்டிய பந்தயச் சில்லை, ஆள் குறைந்ததால் அடிக்கடி வைக்க வேண்டிவந்தது. துளசி சுமாரான சீட்டுக்கும் பந்தயத்தை ஏற்றினாள். மற்ற மூவரும் ராஜாவை எதிர்பார்த்துச் சீட்டைக் கவிழ்த்து விலக, நடுவில் கிடந்த சில்லெல்லாம் அவளுக்கே போனது. ஷர்வினின் சில்லு வெயிலில் வைத்த ஐஸ் கச்சாங் மாதிரி கரைந்தது.

"சாமி, ஏஸ் வரலையே?"

"பொறுமையா இருப்பா, வந்துகிட்டே இருக்கு."

வந்தது. அப்போது வைப்பதற்கு மூன்றே சில்லு. அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கிடைத்த கொஞ்சமும் அடுத்த சுற்றிலேயே போய்விட்டது.

கடைசியில் கோப்பை துளசிக்கு. "பாத்தீங்களா என் கயிறோட மகிமைய!" என்று சாமி குதித்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

துளசி கயிற்றை அவிழ்த்து மேசையில் போட்டாள். "இது உங்க கயிறு இல்ல சாமி. பாரிட் புந்தார்லேர்ந்து வந்த அரிசி மூட்டைய தைச்சிருந்த நூலு. குங்குமத்துல பொரட்டி எடுத்தேன்."

சாமி நூலை எடுத்து முகர்ந்து பார்த்தார். துளசி விடவில்லை.

"எல்லாருக்கும் வித்தா ஜெயிக்கிறவங்க கையிலயும் ஒங்க கயிறு இருக்கத்தானே செய்யும்? தோத்த எட்டு பேரு கையிலயும் இருக்கே, அது யாரு மகிமை? ஆளு கொறைஞ்சா ஆட்டத்த மாத்தணும் சாமி, சில்லு தீர்றதுக்கு முன்னால."

ஷர்வின் தன் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். "துளசி, நாளைக்குக் காலைல ஷிப்டு. அலாரம் வச்சிடு."

சாமி பின்வாசலைத் தேடினார். கூட்டத்திலிருந்து சுகுமாரன் என்ற பக்தர் மட்டும் துளசியின் அருகில் வந்து ரகசியமாகக் கேட்டார். "தங்கச்சி, அந்த அரிசி எந்தக் கடையில வாங்குன?"

அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள் அண்ணே, மூட்டை நூலை விட்டுவிடுங்கள். கழுத்துக்கு மேலே ஒன்று சும்மாதானே இருக்கிறது, ஒரு கை அதை வைத்தும் ஆடிப் பாருங்கள்!