வாங்க மாமா

இந்த உலகத்திலேயே அதிகமான ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய்விட்டு, பல வருஷம் ஒரே ஒரு ஓவியத்தைக்கூடப் பார்க்காமல் இருந்தவர் யாரென்று கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன். அவர் எங்கள் வாங்க மாமா.

வாளையாரைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் வரும் சாலையில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் ஒரு சின்ன கேலரி. மொத்தமே ஒரு கூடமும் ஒரு பக்கத்து அறையும்தான். ஆணி அடிப்பது முதல் அழைப்பிதழ் அச்சடிப்பது வரை அதைப் பார்த்துக்கொள்வது அடியேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கண்காட்சிகளுக்கு ஓவியரின் நண்பர்கள் வருவார்கள், வராத நண்பர்களைப் பற்றிப் பேசுவார்கள், டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படியொரு திறப்பு விழாவின்போதுதான் எதிர்ச்சாரித் தென்னந்தோப்புக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் ரோட்டைக் கடந்து வந்தார். சீரியல் லைட்டைப் பார்த்திருக்கிறார். நல்ல துணி உடுத்திய ஆட்களைப் பார்த்திருக்கிறார். கேலரி வாசலை மட்டும் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"ஏனுங்க, விசேஷ ஊட்டு வாசல்ல ஒரு ஆளக் காணமுங்க? வர்றவங்கள வாங்கன்னு சொல்றதுக்கு ஆரு இருக்கறாங்க?"

யாரும் இல்லை என்றேன். அவர் அதைக் கேட்டு அதிர்ந்த மாதிரி, அதற்கு முன் அங்கே மாட்டிய எந்தப் படத்தைப் பார்த்தும் எவரும் அதிர்ந்ததில்லை.

கிழக்குப் பாலக்காட்டுக் குடியானவர் வீடுகளில் இது விளையாட்டு விஷயமில்லை. கல்யாணத்தில் உப்பு கூடலாம், மேளக்காரர் தூங்கலாம். ஆனால் வாசலில் நின்று "வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பேச்சுவார்த்தை அதோடு நின்றுபோகும். சொல்லாமல் விட்டதற்காக அண்ணன் தம்பி இருவர் நடுவில் சுவர் வைத்துப் பிரிந்த வீட்டை அவரே எனக்குக் காட்டியிருக்கிறார். அப்படிப்பட்டவர் சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் கைகூப்பி நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வந்த ஒரு கண்காட்சியையும் அவர் தவறவிடவில்லை. யாரும் அவரை வேலைக்கு வைக்கவில்லை என்பதால் யாராலும் நிறுத்தவும் முடியவில்லை.

குரல் என்றால் அது குரல். இந்தத் தோப்பிலிருந்து அடுத்த தோப்பு ஆளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. "வாங்க வாங்க! எந்தூருங்க? பஸ்ஸுலீங்களா வந்தீங்க? மொதல்ல போயி ஒரு காப்பி குடிங்க, பொறவு பொறுமையா பாத்துக்கலாம்!" இதனால் உத்காடனம் என்கிற திறப்பு விழாவுக்கு முன்பே காப்பி தீர்ந்துபோகும். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட, பெரியவர் இத்தனை வருந்திக் கூப்பிடுகிறாரே என்று உள்ளே வந்து, பின்நவீன ஓவியங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஸ்ஸைத் தவறவிட்டுப் போவார்கள். ஓவியருக்கு அப்பா இவர்தான் என்று நினைத்துப் பலர் கைகுலுக்கி வாழ்த்துவார்கள். அவரும் மறுக்காமல், "எல்லாம் உங்க ஆசீர்வாதமுங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வார்.

ஆனால் அவர் மட்டும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் முதுகைக் காட்டியே நிற்பார். ஏன் என்று கேட்டால், "வாசல்ல நிக்கறவன் பந்தியப் பாக்கக் கூடாதுங்க" என்பார்.

உள்ளே பார்க்காமல் நின்றதில் வந்த வினைகளும் உண்டு. ஒரு தடவை திருச்சூரிலிருந்து ஒருவர் வந்து கூடம் முழுக்க வெள்ளையடித்து, நடுவில் ஒரே ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டார். அதுதான் கண்காட்சி. பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாம் "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த கலைஞரின் தோளைத் தொட்டு, ரகசியமாகக் கேட்டார்.

"சாமானம் வந்த லாரி வாளையார்ல நிக்குதுங்களா? செக்போஸ்ட்ல நம்மாளு ஒருத்தரு இருக்கறாருங்க. ஒரு போன் போட்டாப் போதும்."

கலைஞருக்கு முகம் சிவந்தது. பிறகு என்ன தோன்றியதோ, விழுந்து விழுந்து சிரித்தார். கண்காட்சி முடியும்வரை மாமா வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

இன்னொரு தடவை ஒரு பெண் கலைஞர் வீடியோக்கள் கொண்டுவந்தார். இருட்டறையில் பல திரைகள், எல்லாவற்றிலும் பெண்கள் அழுவார்கள். திறப்பு விழா அன்று மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, வருகிறவர்களுக்கு இரண்டு கையையும் நீட்டித் தொட்டுவிட்டு விலகிக்கொண்டார். திரும்பும்போது "போயிட்டு வரேன் மாமா" என்ற மாணவியை அவசரமாக வாயில் விரல் வைத்து அடக்கினார். உடம்பு சரியில்லையோ என்று பயந்து ஓடிப் போய்க் கேட்டேன்.

"உள்ள அழுகற சத்தம் கேக்குதுங்களே. எளவு ஊட்டு வாசல்ல நின்னுட்டு வாங்கன்னு சொல்லலாமுங்களா?"

அன்றைக்குக் கொச்சியிலிருந்து ஒரு கலை விமர்சகர் வந்திருந்தார். கலைஞரின் வீடியோக்களைப் பற்றி இரண்டு வரியும், வாசலில் நின்ற முதியவரின் 'மௌன நிகழ்த்துகலை' பற்றி ஒரு பக்கமும் எழுதினார். அதோடு விடாமல், கொச்சியில் வந்து நிகழ்த்த முடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க விசேஷம் ஆரு ஊட்டுதுங்க?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் எங்களுக்குப் புது டைரக்டர் வந்தார். வடக்கே பெரிய மியூசியங்களில் இருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதையும் அளவெடுத்துப் பார்க்கிற ஆள். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது, கேமரா வந்தது, எல்லார் கழுத்துக்கும் டேக் வந்தது. முதல் நாளே மாமாவைப் பார்த்து, "ஸ்டாஃப் ஆணோ?" என்று, அதாவது இங்கே ஊழியரா என்று, மலையாளத்தில் என்னைக் கேட்டார். இல்லை என்றேன். டேக் இல்லாத ஆள் வாசலில் நிற்கக் கூடாது என்றார். அதைப் போய்ச் சொல்லும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்கோ, இனிமே..." என்று நான் மென்று முழுங்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

"செரிங்க. ஊட்டுக்காரங்க வேண்டாம்னா அங்க நிக்கறது மருவாதி இல்லீங்க" என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ரோட்டைக் கடந்து போய், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து வந்தது முத்துச்செல்வியின் கண்காட்சி. ஏலப்பாறையிலிருந்து வந்து எங்களிடம் சிற்பம் படித்த பெண். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறிக்கிறவர். நர்சிங்கில் சேரச் சொன்ன அப்பாவிடம் சண்டை போட்டு இங்கே வந்தவள். படிப்பு முடியும்வரை அந்த மனிதர் ஒரு தடவைகூடப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததில்லை, போனில்கூட அம்மாதான் பேசுவாராம். இந்தக் கண்காட்சிக்காவது வரச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள். "பாக்கலாம்" என்றாராம். அவளுக்கு மதிப்பெண்ணும் பரிசும் ஒரு பொருட்டில்லை. அப்பா வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். காலையிலிருந்து ரோட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

அவள் செய்திருந்தது இதுதான். அவர்கள் குடியிருக்கும் லயத்து வீடு, அதாவது எஸ்டேட் வரிசைவீடுகளில் ஒன்று. அதன் அளவு மாறாமல் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். சுவர் இருக்கும் இடமெல்லாம் வெள்ளைக் கோடு. வாசல் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு கிடையாது. பின்பக்கம் அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறித்த பழைய பிளாஸ்டிக் ஷீட்டுகளைத் தைத்துத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள்.

சிறப்பு விருந்தினர் வந்தாயிற்று. குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டாயிற்று. டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். செல்வி என்னிடம், "இன்னும் கொஞ்ச நேரம் சார்" என்கிறாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர் நிற்கிறார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு துணிப்பை. எங்கள் கதவைப் பார்த்தார், உள்ளே டேக் மாட்டிய கூட்டத்தைப் பார்த்தார், பிறகு மெல்லத் திரும்பி பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"எங்கப்பா சார்!" என்றாள் செல்வி. நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் கண்ணாடிக் கதவையும் தாண்டி அந்தச் சத்தம் கேட்டது.

"வாங்க! வாங்க வாங்க!"

"அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டே செல்வி ஓட, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மாமா அவர் கையைப் பிடித்துவிட்டிருந்தார். அந்த மனிதர் கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தார்.

"இல்லண்ணாச்சி, உள்ள பெரிய ஆளுகள்லாம் இருக்காவ. நா இன்னொரு நாளு வாரேன்."

"இன்னொரு நாளுங்களா? புள்ளையப் பெத்தவரு வராம விசேஷத்த எப்படிங்க தொடங்கறது? அல்லாரும் உங்களுக்குத்தானுங்க காத்துட்டு இருக்கறாங்க. வாங்க."

பேசிக்கொண்டே ரோட்டைக் கடந்து படி வரைக்கும் கூட்டிவந்துவிட்டார். படிக்குக் கீழேயே நின்று, கையை விட்டுவிட்டு, உள்ளே போகும்படி வணங்கினார். செல்வியின் அப்பா ஒரு படி ஏறித் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க வரலியா அண்ணாச்சி?"

"இல்லீங்க. நான் உள்ள போறதில்லீங்க."

"ஏன்?"

"என்னைய ஆரும் வாங்கன்னு சொல்லலீங்களே."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். பந்தி, வாசல் என்று இத்தனை காலம் அவர் சொன்னதெல்லாம் எங்கள் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செல்வியின் அப்பா கையிலிருந்த பையை மகளிடம் கொடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சற்று முன்பு ஓடிப்போகப் பார்த்த மனிதர், நிமிர்ந்து நின்று கைகூப்பினார்.

"இது எம் மக விசேஷம். நா கூப்பிடுதேன். வாங்க அண்ணாச்சி."

கதவருகே வந்த டைரக்டர் கழுத்தைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் என் டேக்கைக் கழற்றி மாமா கழுத்தில் மாட்டினேன். "இதென்னுங்க, மாட்டுக்குக் கட்டற மாதிரி" என்று குனிந்து பார்த்துக்கொண்டார். டைரக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டார்.

விளக்கை ஏற்றியது செல்வியின் அப்பாதான். அதன் பிறகு கூட்டம் தரையில் கிடந்த கோடுகளைச் சர்வசாதாரணமாகத் தாண்டித் தாண்டி நடந்தது. மாமா மட்டும் கோட்டைச் சுற்றிக்கொண்டு போய், கோடு இல்லாத அந்த இடைவெளிக்கு முன்னால் நின்றார். யாராவது வீட்டுக்காரர் கூப்பிடட்டும் என்று நின்றார்.

செல்வியின் அப்பா அதைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அப்போதுதான் அது என்ன இடம் என்று அவருக்குப் புரிந்தது. தொங்கிக்கொண்டிருந்த ஷீட்டைப் போய்த் தொட்டார்.

"இது உங்கம்மா கட்டுனதுல்லா?"

"ஆமாப்பா."

"கிழிஞ்சதப் போயி போட்டுருக்கியே பிள்ள. சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு கொண்டாந்திருப்பம்லா."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த இடைவெளிக்கு வந்து, "உள்ள வாங்க அண்ணாச்சி, இதான் எங்க வீடு" என்று மாமாவை அழைத்தார். அதோடு நிற்கவில்லை. சிறப்பு விருந்தினரை அழைத்தார், டைரக்டரை அழைத்தார். கோட்டைத் தாண்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்பி வாசல் வழியாக வரச் செய்தார். எந்த மூலையில் அடுப்பு, எங்கே செல்வி படுப்பாள், மழைக்கு எந்த இடத்தில் ஒழுகும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுப்படியில் நிற்கக்கூட இடமில்லாமல் கூட்டம் நெருக்கியது. செல்வி ஒரு தூணில் சாய்ந்துகொண்டு, அழுகையும் சிரிப்புமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த மாமாவிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். வாழ்க்கையில் அவர் முதன்முதலாகப் பார்த்த கண்காட்சி அல்லவா!

"ஊடு நல்லா இருக்குதுங்க. தண்ணி வசதிதான் பத்தாது" என்றார்.

இப்போது மாமாவுக்கு டைரக்டர் கையெழுத்துப் போட்ட சொந்த டேக் இருக்கிறது. அதைச் சட்டைக்குள் போட்டு மறைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்கிறார். புதிதாக ஒரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு திறப்பு விழாவுக்கும் முன்னால், கூடம் காலியாக இருக்கும்போது, நான் உள்ளே நின்று அவரை முறைப்படி அழைக்க வேண்டும். வருவார், எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பார், பிறகு போய் வாசலில் நின்றுகொள்வார். நான் பாலக்காட்டு டவுன்காரன், எனக்கு "வாங்கோ" என்றுதான் வரும். "குரல் பத்தாதுங்க, ரோட்டத் தாண்டாது" என்று ஒவ்வொரு தடவையும் குறை சொல்வார்.

போன மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். கேலரியிலிருந்து டைரக்டரே போன் செய்தார். தானும் கூப்பிட்டுப் பார்த்தாராம், சிறப்பு விருந்தினரை விட்டும் கூப்பிட வைத்தாராம், மாமா படி ஏறவில்லையாம். "அவரு வரட்டுங்க, நான் இருக்கறேன்" என்று சொல்லிக் கீழேயே நிற்கிறாராம்.

ஒரு ஆட்டோ பிடித்துப் போய், ஒரு "வாங்கோ" சொல்லிவிட்டு, திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.