உட்கார்ந்தால் குரைக்கும்

இந்த வீட்டுக்குள் நாய் என்று ஒன்று கால் வைக்கக் கூடாது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவு கட்டிவிட்டார். காரணம், சோபா. லிஃப்ட் ரிப்பேர் செய்யப் போகிறவர் படியில்தான் ஏறியாக வேண்டும். அது அந்தத் தொழிலின் சாபம். நாளெல்லாம் மாடி மாடியாக ஏறி இறங்கிவிட்டு வந்து சோபாவில் விழுந்தால், மறுநாள் காலைவரை எழக் கூடாது என்பது அவர் கொள்கை. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அதில் இருந்தது. ஆயுளில் அவர் சம்பாதித்த ஒரே நிலம் அது.

மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வீட்டிலும் கழுத்தில் விசில் தொங்கும்.

"ஏங்க, தங்கச்சிக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அவ பூடில் நாயைக் கூட்டிட்டுப் போக முடியாதாம். நாம வச்சுக்கலாமா?"

"பூடில் வளர்க்கிறதுன்னா சும்மாவா? முடி கொட்டாது, ஆனா வளர்ந்துக்கிட்டே இருக்கும். தினம் சீவணும், மாசா மாசம் வெட்டணும். புத்தி வேற ஜாஸ்தி. சும்மா விட்டா வீட்டையே ரெண்டாக்கிடும்."

மனைவி அவர் வழுக்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

"முடி கொட்டாது, புத்தி ஜாஸ்தி. இந்த வீட்டுக்கு ரெண்டுமே புதுசு. ஒரு வாரம் வச்சுப் பாப்போம். ஒத்து வரலேன்னா ஞாயித்துக்கிழமை அவ ஊருக்குக் கிளம்பறதுக்குள்ள திருப்பிக் குடுத்திடலாம், வேற யார்கிட்டயாவது விட்டுக்கட்டும்."

ஒரு வாரமா? நாயை ஒத்து வராமல் செய்ய அது தாராளம். அவர் மண்டைக்குள் விளக்கு எரிந்தது.

பூடில் வந்தது. சுருட்டை முடி, துறுதுறு கண். மனைவி எப்போதாவது உட்காருவாள். அந்த நேரம் பார்த்து இவர் பின்னால் நின்று நாயைச் சீண்டுவார். அது குரைத்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட். பிறகு சீண்டலே தேவைப்படவில்லை. நாற்காலியில் அவள் உட்கார்ந்தாலே குரைப்பில் வீடு அதிர்ந்தது.

"ஐயோ, என்னங்க இது?"

"அதான் அப்பவே சொன்னேனே!" என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

ஆனால் புத்திசாலி நாய்க்கு ஆள் வித்தியாசம் எதற்கு? உட்கார்ந்தால் குரைக்க வேண்டும், குரைத்தால் பிஸ்கட். அவ்வளவுதான் பாடம். அந்த வீட்டில் அதிகம் உட்காருகிறவர் யார்?

அவர் பள்ளத்தில் இறங்கினார். வள்! எழுந்தார். அமைதி. பூனை மாதிரி மெல்ல இறங்கினார். வள் வள்! வாயை அடைக்க ஒரு பிஸ்கட் போட்டார். பாடம் இன்னும் ஆழமாகப் பதிந்தது. பேப்பரை நின்று படித்தார். சோற்றை நின்று தின்றார். நிற்க முடியாமல் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அதற்குப் பதில் நாயையே வெளியே கூட்டிப்போகலாம் என்று தெருத்தெருவாக அலைந்தார். போகிற வழியில் காய்கறி வாங்கினார். தையற்கடையில் கிடந்த துணிகளையும் வாங்கி வந்தார். கால் கெஞ்சியது. ஞாயிறு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிறும் வந்தது, மச்சினியும் வந்தாள். உட்கார்ந்தாள்.

வள் வள் வள்!

"பாத்தியாம்மா! மனுஷன் உக்கார முடியல. தங்கமான நாய்தான், எங்க வீட்டுக்கு ஒத்து வரல. கூட்டிட்டுப் போயிடு," என்றார் நெஞ்சு நிறைந்து.

"ஒத்து வரலையா? யார் சொன்னது?" மனைவி டீத் தட்டோடு வந்தாள். "இத்தனை வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தியும் இவர் அந்தப் பள்ளத்தை விட்டு எழுந்தாரா? இப்ப காய்கறி வருது, துணி வருது, தொப்பையும் குறையுது. நாய் இங்கதான் இருக்கும்."

"இவளே, அது குரைக்குதேடி!"

"குரைக்காம என்ன செய்யும்? உங்க சட்டையைத் துவைக்கும்போதே பிஸ்கட் தூளைப் பாத்துட்டேன். நீங்க நிறுத்தினாலும் அது மறந்துடக் கூடாதுன்னு நானும் ஒரு பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன்."

மச்சினி, "அப்ப நான் கிளம்பறேன், அத்தான்," என்றாள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசை ஆசையாகச் சோபாவைப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்தது. மனைவி தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை நாய்க்குப் போட்டாள், இன்னொன்றை இவரிடம் நீட்டினாள். இவர் நின்றபடியே வாங்கித் தின்றார்.

"பாத்தியா, ஒரே வாரத்துல ரெண்டும் பழகிடுச்சு," என்றாள் தங்கையிடம்.