முதியோர் மகிழ்வுப் படத் தேர்வுக் குழு

முதியோர் மனம் மகிழும்படி, கணவன் மனைவி உறவைச் சொல்லும் லேசான படமாகப் பார்த்துச் சிபாரிசு செய்யவும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. திருவண்ணாமலையில் உடனே ஐவர் குழு அமைந்தது. தலைவர் ஹெட்கிளார்க் பரசுராமன், வயது நாற்பத்திரண்டு. குழுவில் முதியவர் எவரும் இல்லை. சேர்த்தால் முதியோருக்குச் சாதகமாகப் பேசிவிடுவார்கள் என்ற நியாயமான அச்சமே காரணம்.

முதல் படம் தள்ளுபடி. சிரிப்பு ஜாஸ்தி, மூச்சு பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் கிழவர் மனைவிக்கு இரண்டு முழம் பூ வாங்கிக் கொடுக்கிறார். வயதுக்குத் தகாத நடத்தை. மூன்றாவதில் ஒரு வயதான தம்பதி கடைசிவரை ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சண்டை போட்டுச் சிரிக்கிறார்கள். குழு நெகிழ்ந்தது. "பிள்ளைகளுக்கும் படிப்பினை" என்று பரசுராமன் ஃபைலில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அவருடைய அப்பா பலராமன், ரிட்டையரான பஸ் கண்டக்டர். நிலத்தைப் பிரித்தபோது அப்பா மூத்தவர் பரசுராமனுக்கு, அம்மா ஆராயி கீழ்பென்னாத்தூரில் இருக்கும் இளையவன் காசிக்கு என்று நாலு பேர் முன்னிலையில் முடிவாகியிருந்தது. பாரபட்சம் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

"பரசு, படத்துக்கு உங்கம்மாவுக்கும் ஒரு பாஸ் போடுடா. பக்கத்துல பக்கத்துல சீட்டா பாரு."

"அம்மா கீழ்பென்னாத்தூர் லிஸ்ட்டுப்பா. காசிதான் எழுதிக் கேக்கணும்."

"அவளப் பாத்து எட்டு மாசம் ஆவுதுடா."

"அதுக்கு நான் இன்னாப்பா பண்றது? ரூல்ஸ் இருக்குதே!"

பலராமனே காசிக்கு மூன்று கார்டு போட்டார். காசியும் எழுதிக் கேட்டு, ஆராயியைக் கூட்டிவந்தான்.

பகல் காட்சி. முதியவர்களும், துணைக்கு வந்த நாங்களுமாகத் தியேட்டர் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். பலராமன் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஆராயியும் அப்படியே. இரண்டு பேரும் திரையைப் பார்க்கவே இல்லை.

"முட்டி வலி எப்படி கீது?"

"அது கெடக்குது. உனுக்கு மருமவ சோறு கொழைய வடிச்சிப் போடறாளா?"

"போடறா, போடறா. பல்லு கம்மியாய்டுச்சி, அப்படியே முழுங்கிடறன், அதான் தெரியல."

ஆராயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பரசுராமன் டார்ச் லைட்டோடு ஓடிவந்தார்.

"இன்னாப்பா இது? உங்களுக்காவத்தான் படமே போடறோம். பேசாம படத்தப் பாருங்க!"

திரையில் தம்பதி கைகோத்து நின்றார்கள். தியேட்டரே விம்மியது. பரசுராமனும் காசியும் ஆளுக்கொரு கைக்குட்டையை நனைத்தார்கள்.

வெளியே வந்ததும் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பலராமன் எழுதினார்: "படம் நன்று. அடுத்தது எந்தப் படமானாலும் சரி, நீளமாக இருக்கட்டும்." முதியோர் நீண்ட படங்களை விரும்புகின்றனர் என்று குழு குறித்துக்கொண்டது.

காசி அம்மாவை பஸ்ஸில் ஏற்றினான். பலராமன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, பஸ் நகரும்வரை நின்றார்.

பார்த்த எங்களுக்கு வயிறு எரிந்தது. பெற்றவர்களை இப்படியா பிரிப்பார்கள் என்று பரசுராமனை வாயாரத் திட்டினோம். நான்தான் அதிகம் திட்டினேன். இன்னும் திட்டியிருப்பேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் பங்குக்கு வந்தது அம்மா. அவளைச் சீக்கிரம் நடக்கச் சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவைத் தம்பி முன்னாடியே கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான்.