இடைக்கால மனித ஏற்பாடு

ஆரணியிலிருந்து சேவூர் போகிற சாலையில் வாசிப்பு வளர்ச்சி முகமைக்குச் சொந்தமான படிப்பகம் ஒன்று உண்டு. அதில் நான்கு பீரோ, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு கலைமகள். இவற்றில் மின்விசிறி நிரந்தரம். பொருட்பதிவேட்டில் அதற்கு எண் இருக்கிறது. கலைமகள் பதினான்கு ஆண்டுகளாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு முகமை அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்தது. பரிசீலனை என்பது கோப்புகள் குடித்தனம் நடத்தும் இடம்.

இப்படியிருக்கையில், ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. படிப்பகத்தில் ‘நூல்மதி’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி நிறுவப்படும். வாசகர்கள் எதைக் கேட்டாலும் அது பதில் சொல்லும். பணியாளர் மூன்று நாள் இணையவழிப் பயிற்சியில் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். தவறினால் கோப்பு பாதிக்கப்படும்.

படிப்பகத்தில் இணையம் இல்லை. கருவியோடு சேர்ந்துதான் அதுவும் வரும் என்றார்கள். ஆகவே கலைமகள் வீட்டிலேயே துவரம் பருப்பு டப்பாவில் செல்போனைச் சாய்த்துவைத்து, புளியைக் கரைத்தபடி பயிற்சி பெற்றாள். பயிற்சி அளித்தவர் முகமையின் மின்மயமாக்கல் ஒருங்கிணைப்பாளர் மணவாளன்.

“யார் வீட்லயோ கதவ இடிக்கிறாங்க. மியூட் பண்ணுங்க” என்றார் அவர்.

“கதவு இல்லீங்க சார், தறி. எங்க வீட்டுக்காரர் நெய்யறாரு.”

“அப்ப தறிய மியூட் பண்ணுங்க.”

அவளுடைய கணவன் சுதாகர் மூன்று நாளும் தறியை மியூட்டில் போட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

கருவி வந்து சேர்ந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குத் திரை. பீரோவுக்குப் பின்னால் கலைமகளுக்கு ஒரு கம்ப்யூட்டர். ரிப்பன் வெட்டியானதும் முதல் கேள்வி கேட்கும் உரிமை சுப்பராயலுவுக்குக் கிடைத்தது. பட்டுச்சேலை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, தினமும் படிப்பகத்துக்கு வந்து பேப்பரையும் கலைமகளையும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். சித்த மருத்துவப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று ஒற்றை விரலால் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கைதட்டத் தூக்கிய கைகளை மக்கள் மெல்ல இறக்கினார்கள்.

மணவாளன் கலைமகளை அவசரமாகப் பீரோவுக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

“சர்வர் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் கேள்வியெல்லாம் உன் கம்ப்யூட்டருக்கு வரும். நீ பதில் டைப் பண்ணு. வெளிய தெரியக் கூடாது, உன் வீட்லயும் சொல்லாத.”

“அப்ப நான்தான் நூல்மதியா சார்?”

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. நீ ஒரு இடைக்கால மனித ஏற்பாடு.”

“சர்வர் எப்ப சார் வரும்?”

“பரிசீலனையில இருக்கு.”

விதிமுறைகளையும் அங்கேயே சொன்னார். ஐந்து வினாடிக்குள் பதில் வரக் கூடாது, சந்தேகம் வரும். முப்பது வினாடியைத் தாண்டக் கூடாது, புகார் வரும். பதில் தெரியாவிட்டால் ‘தங்கள் வினவல் மதிப்புமிக்கது’ என்று போட வேண்டும்.

கலைமகள் ஏழு வினாடி எண்ணிவிட்டு, ‘மூன்றாம் பீரோ, மேல் தட்டு’ என்று தட்டினாள். சுப்பராயலு போய்ப் பார்த்தார். புத்தகம் இருந்தது.

“போன வாரம் இதே புக்க உன்னாண்ட கேட்டனே, இன்னாமா சொன்ன?” என்று அவளைப் பிடித்துக்கொண்டார்.

“மூணாவது பீரோ, மேல் தட்டுன்னு சொன்னேன், பெரியப்பா.”

“சொன்ன. ஆனா யாரு நம்பறது? இது மூள!”

ஒரு மாதத்தில் கலைமகள் தேறிவிட்டாள். இரண்டு விரலால் தட்டியவள் பத்து விரலாலும் தட்டினாள். இரண்டெழுத்து அடித்தால் முழு வாக்கியமும் வந்து விழும்படி கம்ப்யூட்டரைப் பழக்கினாள். ஒருநாள் சாப்பிடும்போது, “குழம்புல உப்பு போட்டியா?” என்று சுதாகர் கேட்டதற்கு, “தங்கள் வினவல் மதிப்புமிக்கது” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நூல்மதியின் புகழ் பரவியது. சுப்பராயலு ஒருநாள், “என் கண்ணாடி எங்க?” என்று கேட்டார். பீரோ இடுக்கு வழியாகப் பார்த்த கலைமகள், ‘தங்கள் நெற்றியில் உள்ளது’ என்று பதில் அனுப்பினாள். அன்று மாலைக்குள் பெரணமல்லூர் வரைக்கும் செய்தி போய்விட்டது.

நெசவாளர்கள், நாளைக்குத் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டலாமா, மழை வருமா என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் சாப்பாட்டின்போது சுதாகர் வானத்தைப் பார்த்துச் சொன்னதையே அவள் பதிலாகப் போட்டாள். மறுநாள் காலை சுதாகர் பாவு நூலை எடுத்து உள்ளே வைத்தான்.

“மழ வருமாம். நூல்மதி சொல்லிச்சாம்.”

“முந்தாநேத்து நீங்கதானங்க சொன்னீங்க?”

“நான் சொன்னது வாய்ப்பேச்சி, கலை. அது டேட்டா வெச்சி சொல்லுது.”

இவ்வளவு பேர் பெற்ற கருவியைப் பார்க்க முகமையின் இயக்குநர் தமிழ்ச்செல்வியே நேரில் வந்தார். சர்வர் நல்ல நிலையில் இயங்குவதாக மணவாளன் அவருக்கு மூன்று அறிக்கை அனுப்பியிருந்தார். அம்மையார் திரை முன் நாற்காலி போட்டு அமர்ந்தார்.

“ஆட்குறைப்பு பண்ணச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மனுஷங்கள கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க. இதையே கேட்டுடலாம்” என்றார். பிறகு தட்டினார்: ‘இப்படிப்பகத்துக்கு மனிதப் பணியாளர் தேவையா?’

மணவாளனுக்குச் சட்டைக் காலர் நனைந்தது.

கலைமகளின் விரல்கள் நின்றன. பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அவளைப் பற்றி ஒருவர் கேட்கிறார். அதுவும் அவளிடமே கேட்கிறார். ‘நான்தான் மேடம்’ என்று இரண்டு சொல் போதும். போட்டால் மணவாளன் போவார். அவரோடு கோப்பும் போகும். இருபது வினாடி ஆயிற்று. இருபத்தைந்து. அவள் தட்டினாள்:

‘தேவை. பணியாளர் கலைமகள் இன்றி என்னால் ஒரு பதிலும் சொல்ல இயலாது. அவரை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்.’

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இயக்குநருக்குக் கண் கலங்கியது. “பாத்தீங்களா மணவாளன், இன்னா தன்னடக்கம்! என் சர்வீஸ்ல ஒரு ஆபீசர் இன்னொருத்தருக்கு இப்படி எழுதி நான் பாத்ததில்ல.”

“நானும் பாத்ததில்ல மேடம்.”

“இவ்வளவு உழைப்பு, இவ்வளவு நேர்மை. இன்னமும் தற்காலிகமா வெச்சிருக்கறது நியாயமா?”

“நியாயமே இல்ல மேடம்.”

பீரோவுக்குப் பின்னால் கலைமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று போகும் வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. நூல்மதியின் சீரிய பணியையும் பெருந்தன்மையையும் பாராட்டி, அக்கருவி நிரந்தரப் பணியாளராக அறிவிக்கப்படுகிறது. ஒரு படிப்பகத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடமே உள்ளபடியால் கலைமகளின் கோப்பு முடித்துவைக்கப்படுகிறது. அவர் நூல்மதியின் கீழ் தற்காலிகமாகத் தொடரலாம்.

வீட்டுக்குப் போனால், செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

“நூல்மதி பர்மனென்ட் ஆயிடுச்சாமே!” என்றான் சுதாகர் சந்தோஷமாக. “பாத்தியா, திறம இருந்தா கவர்மென்ட்டு கைவிடாது.”

கலைமகள் டம்ளரை வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டது. பிறகு உட்கார்ந்து, ஆணையோடு இணைத்திருந்த பணி விதிகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தாள். தற்காலிகப் பணியாளர்களுக்கு அதுவரை யாரும் அதைக் கொடுத்ததில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முகமையின் இணையதளத்தில் நூல்மதியின் பெயரில் உள்ளே போய், மூன்று நாள் தற்செயல் விடுப்புக்கு விண்ணப்பித்தாள். பத்தே காலுக்கு மணவாளன் போன் செய்தார்.

“இன்னாமா இது பேஜாரு? மெஷினுக்கு லீவா?”

“நிரந்தரப் பணியாளர் சார் அது. வருஷத்துக்குப் பன்னெண்டு நாள் உண்டுன்னு விதி சொல்லுது.”

“இன்னா காரணம்?”

“சொந்த வேல.”

“மெஷினுக்கு இன்னாமா சொந்த வேல?”

“அது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அதுக்குக் கீழ வேல செய்யறவ.”

அங்கே மெஷினே இல்லை என்று மணவாளனால் சொல்ல முடியாது. மூன்று அறிக்கை இருக்கிறது. விடுப்பு அனுமதிக்கப்பட்டது.

தற்காலிகப் பணியாளருக்கு விடுப்புக் கிடையாது. ஆகையால் ‘நூல்மதி விடுப்பில்’ என்று அட்டை எழுதித் திரையில் மாட்டிவிட்டு, கலைமகள் நாற்காலியை இழுத்து வாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். இந்த மூன்று நாளாவது ஜனங்கள் தன் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள் என்று நினைத்தாள்.

ஜனங்கள் வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள். போய்விட்டார்கள்.

சுப்பராயலு மட்டும் நின்றார்.

“இன்னா வேணும் பெரியப்பா? கேளுங்க, நான் சொல்றேன்.”

“பரவால்லமா. அது வரட்டும்.” திரையைப் பரிவோடு பார்த்தார். “பாவம், மூள வேல. உன்ன மாதிரி சும்மா உக்காந்துகினு இருக்கற வேலயா?”

மூன்று நாளும் படிப்பகத்தில் ஈ கூட கேள்வி கேட்கவில்லை. கலைமகள் முதல் பீரோவிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து முழுதாகப் படித்து முடித்தாள்.

அடுத்த வாரம் இயக்குநர் மாதாந்திரப் புள்ளிவிவரத்தைப் பார்த்தார். அந்த மூன்று நாட்களில் வந்த கேள்விகள்: பூஜ்யம். பதில் தராதவை: பூஜ்யம். புகார்: பூஜ்யம். ஆகவே பணி நிறைவு நூறு விழுக்காடு. இப்படி ஒரு நூறை எந்தப் படிப்பகமும் அதுவரை எட்டியதில்லை. இதற்கு ‘ஆரணி முறை’ என்று பெயர் சூட்டி, மற்ற எல்லாப் படிப்பகங்களிலும் நூல்மதிகளை உடனடியாக நிறுவி, நிறுவிய நாளிலிருந்தே விடுப்பில் அனுப்பும்படி உத்தரவிட்டார்.

செய்தி பேப்பரில் படத்தோடு வந்தது. சுப்பராயலு அதைக் கண்ணருகே பிடித்து உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் கலைமகளிடம் திருப்பிக் காட்டினார்.

“வேலன்னா இப்படி செய்யணும்மா. நீயும் பதினாலு வருஷமா இங்கதான் இருக்க. அதப் பாத்தாவது கத்துக்கோ.”