‘ஒத்துவராது’ வக்கீல் பார்த்த கதை

கல்யாணத் தரகர்களிலேயே அதிகமான கல்யாணங்களை நடக்கவிடாமல் செய்தவர் என்ற பெருமை, திருச்சி ஜில்லாவைப் பொறுத்தவரை, பாலக்கரை ‘ஒத்துவராது’வையே சேரும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் ரேஷன் கடை வரிசையில்கூட "ஒத்துவராது நிக்கிறாரு பாரு" என்றுதான் சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

மற்ற தரகர்கள் அண்டப்புளுகு புளுகியாவது இரண்டு வீட்டைச் சேர்த்துவைப்பார்கள். இவர் நன்றாகச் சேர்ந்து வரும் வீடுகளையும் பிரித்துவிட்டு வருவார். மாப்பிள்ளை செருப்பை உதறிய உதறலில் ஒன்று பக்கத்து வீட்டு வாசலில் போய் விழுந்தது என்பதற்காக ஒரு டாக்டர் வரனைத் தள்ளினார். இன்னொரு பையன் அம்மாவிடம் தண்ணீர் கேட்டபோது போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. அவனும் போனான். தீர்ப்பை வீட்டுக்குள் சொல்லமாட்டார். தெருமுனைக்கு வந்து, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "ஒத்துவராதுங்க" என்பார். அவ்வளவுதான்.

எனக்கும் அவர்தான் வரன் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், நான் ஆபீசில் இரண்டு பதவி உயர்வு வாங்கும்வரை பார்த்தார். கடைசியில் நானே ஒருவரைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டேன். அந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து என் கணவரை ஒரு தடவையும் கத்தரிக்காய்க் கூட்டை ஒரு தடவையும் உற்றுப் பார்த்தார். கூட்டைப் பற்றி மட்டும் கருத்துச் சொன்னார்.

இப்பேர்ப்பட்டவரை முன்னால் நடக்கவிட்டு என் தம்பிக்கு வக்கீல் தேடப் போனோம் என்றால், நாங்கள் எவ்வளவு ஓய்ந்து போயிருந்தோம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் எது கெட்டாலும் போன் காட்டூரில் இருக்கும் எனக்குத்தான் வரும். தண்ணீர் மோட்டார் ஓடாவிட்டாலும் எனக்கு, பெரியப்பாவுக்குப் பல் வலித்தாலும் எனக்கு. ஆகவே என் தம்பி சேகரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன செய்தியும் எனக்குத்தான் வந்தது.

சேகர் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மேற்பார்வை வேலையில் இருந்தான். மில்லுக்கு வரும் லாரிகள் எதிர்வீட்டு வாசலை அடைத்து நிற்கும். எதிர்வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருவார். அன்றைக்குச் சட்டையைப் பிடித்தார், இவன் கையைத் தட்டிவிட்டான், அவர் சாக்கடை மூடியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இவன் கையில் அப்போது குத்தூசி இருந்தது. மூட்டையைக் குத்தி அரிசி மாதிரி எடுத்துப் பார்ப்பார்களே, அந்தக் குத்தூசி. புகாரில் அது கூர்மையான ஆயுதமாகிவிட்டது. ஆயுதம் வந்ததும் வழக்கு ஜாமீனில் விடமுடியாத பிரிவுக்குப் போய், தம்பி மத்திய சிறைக்குப் போய்விட்டான். அவன் மனைவி கல்பனாவுக்கு நிறைமாதம். முதல் குழந்தை. அது பிறக்கும்போது அப்பன்காரன் பக்கத்தில் இருப்பானா, கம்பிக்குப் பின்னால் இருப்பானா என்பது நாங்கள் பிடிக்கப்போகும் வக்கீலின் கையில் இருந்தது.

நான் மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தபோது, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் ஒத்துவராது உட்கார்ந்திருந்தார். கல்பனா என்னைக் கூப்பிடும் முன்பே அவரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் முடிச்சு வச்ச கல்யாணம்மா இது. ரிப்பேர்னா நான்தான வரணும்" என்றார்.

அவர் முடித்த மிகச் சில கல்யாணங்களில் அது ஒன்று. மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

அவருக்குத் தெரிந்த தேடல் ஒன்றுதான், வரன் தேடல். வக்கீலையும் அதே முறைப்படிதான் தேடினார். ராகுகாலம் கழிந்துதான் கிளம்பவேண்டும் என்றார். கிளம்பும்போது எண்ணிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

"மூணு பேரா இருக்கோம். நல்ல காரியத்துக்கு மூணு பேரா போகக்கூடாது."

"வயித்துல ஒண்ணு இருக்கேங்க. அதையும் சேத்து நாலு" என்றாள் கல்பனா.

"அது இன்னும் அட்டெண்டன்ஸ்ல வரலம்மா."

ஆகவே ஆட்டோ ஓட்டிய சலீம் பாயும் எங்கள் குடும்பத்தில் ஒருவராக ஒவ்வொரு வக்கீல் ஆபீசுக்கும் உள்ளே வந்தார். மூன்றாவது நிபந்தனை, முடிவாகும்வரை எங்கேயும் கை நனைக்கக் கூடாது. அதாவது காபி, தண்ணீர் எதையும் தொடக்கூடாது. சித்திரை வெயிலில் இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

முதலில் கன்டோன்மென்ட் பெரிய வக்கீல். ஏசி, கண்ணாடிக் கதவு, வரிசையாக ஜூனியர்கள். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "நாளைக்கே வெளிய எடுத்துடலாம், கவலைய விடுங்க" என்றார். எனக்கு அங்கேயே அவர் காலில் விழலாம்போல் இருந்தது. தெருமுனையில் வேட்டி மேலே ஏறியது.

"பையன் பேரையே கேக்கலம்மா. பேரு தெரியாம எந்தப் பையன வெளிய எடுப்பாரு? ஒத்துவராது."

இரண்டாவது, என் ஆபீசில் ஒருவர் சொல்லி அனுப்பிய ஸ்ரீரங்கத்து வக்கீல். சித்திரை வீதியில் வீடு. பளிச்சென்ற திருமண், கனிவான முகம். கதை முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டார். "ஆத்துக்காரர் சீக்கிரம் வந்துடுவார் குழந்தே. எல்லாம் பெருமாள் திருவுள்ளம். ப்ராப்தம்னு ஒண்ணு இருக்கோன்னோ" என்று கல்பனாவுக்குத் தீர்த்தம் கொடுத்தார். தீர்த்தம் கை நனைத்ததில் சேருமா என்று ஒத்துவராதுவுக்கு ஒரு நிமிடம் குழப்பம். சுவரெல்லாம் சொத்து வழக்குக் கட்டுகள்.

"நல்ல மனுஷன்" என்றார் வெளியே வந்து. "ஆனா அங்க இருக்கிற கேஸெல்லாம் தாத்தா போட்டு பேரன் நடத்துறது. கல்பனாவோட புள்ள வளந்து வந்துதான் அப்பாவ ஜாமீன்ல எடுக்கணும். ஒத்துவராது."

மூன்றாவதைப் பார்க்கப் போகவே இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஒருவர் தாமாகவே வந்து, ஸ்டேஷனில் எல்லாரும் தன் ஆட்கள் என்றும் தன்னிடம் கொடுத்தால் சுலபம் என்றும் சொன்னார். நான் அப்போதே சரி சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளே வந்து, பொண்ணு வீட்டுக்கும் நானே பேசுறேன்னா எப்படிம்மா?" என்றார் ஒத்துவராது. "யாருக்காகப் பேசுறாருன்னு அவருக்கே தெரியாது."

ஆட்டோ சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். கல்பனா பக்கக் கம்பியில் தலையை வைத்திருந்தாள். சலீம் பாய்தான் மெதுவாகக் கேட்டார், "பாலக்கரையில நம்ம ஸ்டெல்லாம்மா இருக்காங்க, பாக்குறீங்களா?"

டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. நாற்பது வயது இருக்கும் அந்த வக்கீலம்மாவுக்கு. மின்விசிறி சத்தத்துக்கு மேலே பேசவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேகர் என்ன சொல்றார்?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு அலைந்தோமே, அவனை யாரும் கேட்கவே இல்லை.

"அப்ப நான் முதல்ல ஜெயிலுக்குப் போய் அவரைப் பாத்துட்டு வரேன். ஜாமீன் கிடைக்கும்னு இப்ப சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட பாக்கணும். கொலைமுயற்சி, அடிதடி கேஸெல்லாம் நிறைய நடத்தியிருக்கேன். கிடைச்சதும் உண்டு, கிடைக்காததும் உண்டு."

ஒத்துவராது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டீ சொல்லும்மா" என்றார்.

ஐந்து டீ வந்தது. அதுபோல ஒரு டீயை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை. டம்ளரைக் கீழே வைத்தபோது வக்கீலம்மா சொன்னார், "ஒண்ணு மட்டும். எதிர்வீட்டுக்காரங்க கிட்ட நம்ம பக்கத்துல யாரும் போய் பேசக்கூடாது. அது மிரட்டல்னு ஆயிடும்."

ஒத்துவராதுவுக்குப் புரையேறியது. டீ சூடு என்று நினைத்தேன்.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று அரசு வக்கீல் எழுந்து, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட சேகரின், தரப்பிலிருந்து ஒருவர் புகார்தாரர் வீட்டுக்கே போய், விஷயத்தை இழுத்தால் நல்லதில்லை என்று மிரட்டியிருக்கிறார் என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மனு தள்ளிவைக்கப்பட்டது. கல்பனா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

வராந்தாவில் வக்கீலம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒத்துவராது தானாகவே கையைத் தூக்கினார்.

"உங்கள பாக்க வர்றதுக்கு முன்னாடியேம்மா. அன்னிக்குக் காலைல. பழத்தட்டோட போனேன். வெத்தல பாக்கு, வாழப்பழம், ஆப்பிள் எல்லாம் வச்சு."

"எதுக்குங்க?"

"சமாதானம் பேசத்தான். வெறுங்கையோட போனா மரியாதையா இருக்காதே."

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்கள பாத்து அவங்க பயந்தாங்களா?"

"பயமா? அந்தம்மா காபி குடுத்தாங்க. நான் யாருன்னு தெரிஞ்சதும், பெரிய பொண்ணு ஜாதகத்த அனுப்பி, நல்ல இடமா பாருங்கண்ணேன்னு வாட்ஸ்அப்பே போட்டாங்க. வீட்டுக்காரரு கட்டுப் போட்ட கையோட உள்ள படுத்திருந்தாரு, அவருக்கு அது தெரியாது."

வக்கீலம்மாவின் முகம் மாறியது. "போன குடுங்க. இது ஒண்ணு போதும். மிரட்ட வந்தவன்கிட்ட யாராவது பொண்ணு ஜாதகத்தக் குடுப்பாங்களா? கோர்ட்ல காட்டிடலாம்."

ஒத்துவராது போனைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். "அது ஒத்துவராதும்மா."

நான் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த வராந்தாவில் வந்தது. ஊரான் வீட்டுப் பெண் முக்கியம், எங்கள் வீட்டில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற பெண் முக்கியமில்லையா என்று கேட்டேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"தம்பி எப்படியும் வந்துருவாரும்மா. அந்தப் பொண்ணு பேரு கோர்ட்டுக் கட்டுல ஏறுனா இறங்காது. நாளைக்கு அதக் கட்டிக்கிறவன் ஊர்ல நாலு பேரு, இது அந்த கேஸ்ல வந்த ஜாதகம்தானேம்பாங்க. ஜாதகம் குடுத்தவங்க என்னை நம்பிக் குடுக்கிறாங்க." அப்புறம் வக்கீலம்மாவைப் பார்த்தார். "யாரும் அனுப்பல, நானாத்தான் போனேன்னு சொல்றேன். தப்புன்னா என்மேல போட்டுக்கட்டும்."

"உங்க மேல தனியா கேஸ் வரலாங்க."

"வரட்டும்மா."

கல்பனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "விடுங்கண்ணி" என்றாள்.

அடுத்த விசாரணையில் வக்கீலம்மா அவருடைய பிரமாண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தார். நீதிபதி அவரையே முன்னால் கூப்பிட்டார்.

"அங்க போய் என்ன சொன்னீங்க?"

"நல்லபடியா முடிச்சுக்கலாம், இழுத்தா ரெண்டு குடும்பத்துக்கும் நல்லதில்லன்னு சொன்னேங்கய்யா."

அரசு வக்கீல் உற்சாகமாக எழுந்தார். எங்கள் வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்படி மிரட்டலாமா?"

"மிரட்டலயேங்கய்யா. கல்யாணம் பேசப் போற எல்லா வீட்லயும் நாப்பது வருஷமா இதத்தான் சொல்றேன். இதுவரைக்கும் யாரும் பயந்ததில்ல. பயந்திருந்தா இன்னும் நாலு கல்யாணம் முடிச்சிருப்பேன்."

கோர்ட்டில் சிரிப்பு. நீதிபதி எதையோ படிப்பதுபோல் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது, இனி அந்தத் தெருப்பக்கமே போகக்கூடாது என்று அவரைக் கண்டித்தார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் குத்துக்காயம் எதுவும் இல்லை, விழுந்து ஏற்பட்ட எலும்பு முறிவுதான் என்று வக்கீலம்மா வரிவரியாகக் காட்டினார். ஜாமீன் கிடைத்தது. சேகர் மண்ணச்சநல்லூர் பக்கம் போகாமல் வேறு இடத்தில் தங்கவேண்டும் என்று நிபந்தனை. வேறு இடம் என்றால் என் வீடு. அதற்கும் எனக்கு மறுக்கத் தெம்பில்லை.

இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும், சொத்துக் காகிதத்தோடு. ஒருவர் என் கணவர். இன்னொருவருக்காக உறவுக்காரர்கள் எல்லாருக்கும் போன் செய்தேன். பெரியப்பா மகனுக்குத் திடீரென்று முதுகுவலி. சித்தப்பா ஊரில் இல்லை என்று சித்தப்பாவே சொன்னார். கல்பனாவுக்கு லேசாக வலி கண்டிருந்தது. அன்று மாலைக்குள் கையெழுத்தாகாவிட்டால், சனி ஞாயிறு தாண்டித்தான் சேகர் வெளியே வருவான்.

கோர்ட் ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றபோது, ஒத்துவராது எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாலக்கரையில் அவருக்கு இருக்கும் ஒரே ஓட்டு வீட்டின் வீட்டுவரி ரசீதையும் பத்திரத்தையும் ஜவுளிக்கடைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை.

குமாஸ்தா பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "எதிரிக்கு நீங்க என்ன உறவு?" என்றார்.

"உறவெல்லாம் இல்லைங்க, நான் ஒரு..." என்று அவர் ஆரம்பித்தார்.

"மாமாங்க" என்றேன் நான்.

வக்கீலம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோர்ட்டில் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக் கூடாது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டவர், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குமாஸ்தா எழுதினார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.