தொட்டிக்கு வந்த பாட்டன் சாபம்

பேசாத பிள்ளையைப் பேச வைக்க வாயைத் திறக்க வேண்டாம், செருப்பைக் கழற்றினால் போதும் என்று போன பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு செய்தி பரவியது. ராஜபாளையம், சேத்தூர், மகாராஜபுரம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் ஞாயிறுதோறும் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெரிய முகூர்த்தத்துக்குக்கூட முகாம் நடந்த அந்தக் கல்யாண மண்டபம் அப்படி நிறைந்ததில்லை. எனக்குத் தெரியும். பத்து வருஷமாக அங்கே மைக் செட் போடுகிறவன் நான். பேர் மாரிச்சாமி.

முகாமின் பெயர் ‘பாதசுத்தி மூளைத்தெளிவு முகாம்’. நடத்தியவர் டாக்டர் பாண்டிதுரை சித்தர். டாக்டர் என்றால் எந்தக் காலேஜ் என்று யாரும் கேட்கவில்லை. சித்தரிடம் காலேஜ் கேட்பது மரியாதையில்லை. சித்தர் என்றால் எந்த மலை என்றும் கேட்கவில்லை; டாக்டரிடம் மலை கேட்பது முறையில்லை. இப்படி இரண்டு பட்டத்தையும் ஒன்றுக்கொன்று காவல் வைத்திருந்தார்.

வைத்தியம் எளிது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு. உப்பை மட்டும் கண்ணை மூடி மந்திரம் சொல்லிப் போடுவார். பிள்ளையின் காலை உள்ளே வைத்து, கம்பிச் சுருள் பொருத்திய ஒரு டப்பாவைத் தண்ணீரில் இறக்கி, சுவிட்சைப் போடுவார். பத்தே நிமிஷத்தில் தெளிந்த தண்ணீர் பழுத்து, சிவந்து, நுரைத்துச் சேறாகிவிடும்.

“பாத்தியளா? மூணு தலைமுறைக் கழிவு! மூளைய அடைச்சுக் கெடந்தது காலு வழியா இறங்குது!”

அம்மாக்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்கும். அது என் மைக்கின் பெருமை. தொட்டிக்குக் கரண்டும் என் போர்டிலிருந்துதான் போனது. இருபது வருஷமாகக் கரண்டு வேலை பார்க்கிற எனக்கும் அது என்ன டப்பா என்று கேட்கத் தோன்றவில்லை. வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

பாண்டிதுரை ஆராய்ச்சியையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பேப்பர் கட்டிங்கை லேமினேட் செய்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அமெரிக்காவில் ஐயாயிரம் பிள்ளைகளின் விவரங்களை அலசிப் பார்த்ததில், ஆட்டிசத்தை நாலு வகையாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு வகைக்குப் பின்னாலும் வேறு வேறு மரபணுக் காரணங்கள் தெரிகின்றன என்று அதில் போட்டிருந்தது. பாண்டிதுரைக்கு ஐயாயிரம் பிள்ளைகள் வேண்டியிருக்கவில்லை. ‘நாலு’ என்கிற எண் மட்டும் போதுமாக இருந்தது. அதை எடுத்து ஒரு கலர் சார்ட் அடித்துத் தொட்டிக்குப் பின்னால் மாட்டினார். தண்ணீர் மஞ்சளானால் கண்ணேறு. பச்சையானால் குலதெய்வக் குறை. செங்காவியானால் பாட்டன் வழிச் சாபம். கருப்பானால், வயிற்றில் பிள்ளையோடு தாய்க்காரி கிரகணத்தன்று வெளியே வந்த தோஷம்.

“அமெரிக்காக்காரன் இப்பத்தான் நாலுன்னு கண்டுபிடிச்சிருக்கான். நம்ம முன்னோரு கலரோட சொல்லிட்டுப் போயிட்டாக!”

கைதட்டல் ஓய ரொம்ப நேரமாயிற்று.

நாலு வகைக்கும் பொதுப் பத்தியம், பால் கூடாது. மண்டபத்துக்கு எதிரே பால்கோவாக் கடை. பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே வரிசையில் நின்றன. இடைவேளையில் சித்தருக்கு மட்டும் கால் கிலோ போகும். அவருடைய கழிவு எப்போதோ இறங்கிவிட்டதாம். “என் காலை வச்சாத் தண்ணி பன்னீரு மாதிரி அப்படியே கெடக்கும்” என்று அவரே மைக்கில் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசையில்தான் கனகலட்சுமியைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் முத்துக்குமரன் சேத்தூர்க்காரர், பட்டாளத்தில் ஹவில்தார், ஒரு மாத லீவில் வந்திருந்தார். மகன் தனுஷுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. லீவு முடிவதற்குள் மகன் ஒரு தடவை ‘அப்பா’ என்று கூப்பிட வேண்டும், முத்துக்குமரனுக்கு அவ்வளவுதான் வேண்டும். அந்த ஆசையைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. பாண்டிதுரைக்கு அதுதான் பிழைப்பு.

தனுஷ் கையில் ஒரு வளையம் இருந்தது. அதில் கோத்த பட அட்டைகள்: தண்ணீர், சோறு, ஊஞ்சல், போதும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கார்த்திகா என்ற பெண் செய்து கொடுத்தது. எட்டு மாதப் பயிற்சியில், தாகமெடுத்தால் தண்ணீர்ப் படத்தைத் தேடி எடுத்து அம்மா கையில் வைக்கப் பழகியிருந்தான்.

பாண்டிதுரை அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். “படத்தக் காட்டியே பழகிட்டா வாய் எப்படித் தொறக்கும்? இதத் தூரப் போடு. அந்தப் பயிற்சியவும் நிப்பாட்டு. நாலு சிட்டிங் முடிஞ்சாத் தன்னால பேசுவான்.”

“ஏங்க, இது இல்லாட்டி அவன் தண்ணி கேக்க மாட்டானே” என்றாள் கனகலட்சுமி.

“ஏட்டி, சித்தரு சொல்லுதாகல்ல. கொஞ்ச நாளு பொறுத்துத்தான் பாரேன்” என்றார் முத்துக்குமரன். தூரப் போட அவளுக்கு மனசில்லை. வளையம் கைப்பையின் அடிக்குப் போனது.

அடுத்த ஞாயிறு வந்தபோது தனுஷ் நெற்றி வீங்கியிருந்தது. தாகமெடுத்தால் சுவரில் முட்டிக்கொள்கிறானாம். “கழிவு இறங்கும்போது அப்படித்தான் ஆட்டும்” என்று விளக்கம் வந்தது.

மூன்றாம் ஞாயிறு, தொட்டியில் வைத்த காலைத் தனுஷ் உதறினான். அப்பா தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். சேற்றுத் தண்ணீர் தெறித்து, கனகலட்சுமி மடியிலிருந்த, காயம் கட்டும் வெள்ளைக் காஸ் துணியில் விழுந்தது. கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டு. அவள் பிள்ளையை விட்டுவிட்டு அந்தக் கறையையே பார்த்தாள். பதினொரு வருஷமாக வெள்ளைத் துணியில் கறை தேடுவதுதான் அவள் வேலை. எண்ணெய்க் கறையா, பூஞ்சைக் கறையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலாம் ஞாயிறு அவள் தொட்டிக்குப் போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணே, செத்த நேரம் மைக்கக் குடுங்க.”

தனுஷ் நெற்றியில் வீக்கம் இன்னும் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

“எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இந்தத் துணியில தொட்டித் தண்ணி பட்டுச்சு. பாத்தா எங்க கம்பெனியில மெஷின் துரு பட்ட கறை மாதிரியே இருந்துச்சு. துருக்கறைக்குன்னு நாங்க ஒரு மருந்து வச்சிருக்கோம். ரெண்டு சொட்டு விட்டேன், கறை போயிருச்சு. பாட்டன் சாபம் எப்படிங்க துரு மருந்துக்குப் போகும்? எங்கணக்கு தப்பாவும் இருக்கலாம். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கேன். பிள்ள காலு இல்லாம ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க.”

பாண்டிதுரை சிரித்தார். “உடம்போட சக்தி இல்லாம மெஷின் வேலை செய்யாதும்மா.”

“அப்ப உங்க காலை வைங்க. பன்னீரு மாதிரி கெடக்குமின்னு சொன்னீகளே.”

“இன்னிக்கு எனக்கு விரதம்.”

காலுக்கும் விரதம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கூட்டத்தில் ஒருத்தர், “நம்பாட்டிப் போயேம்மா, எங்க டோக்கன் எதுக்கு லேட்டாகணும்?” என்று சத்தம் போட்டார். முத்துக்குமரன் எழுந்தார். பெண்டாட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“பட்டாளத்துல எந்தச் சாமானையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் கையில வாங்குவோம். ஓட்டிப் பாத்துருவோமே” என்றார்.

தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, கல்லுப்புப் போட்டோம். மந்திரம் சொல்ல வேண்டியவர் முன்வரவில்லை. நானே சுவிட்சைப் போட்டேன்.

முந்நூறு பேர் ஒரு வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பழுத்தது. சிவந்தது. நுரைத்தது. யாரோ பழக்கதோஷத்தில் சார்ட்டைப் பார்த்து வாசித்தார்: “செங்காவி. பாட்டன் வழிச் சாபம்.”

ஆக, பிளாஸ்டிக் தொட்டிக்குப் பாட்டன் வழிச் சாபம். தொட்டியின் பாட்டன் ஏதாவது வாளியாக இருந்திருக்கும். உப்புத் தண்ணீரில் கரண்டு பாய்ந்து, அந்தக் கம்பிச் சுருள்தான் துருவாகக் கரைந்துகொண்டிருந்தது.

மகாராஜபுரத்துப் பரிபூரணம் என்ற பெண் முன்னால் வந்தாள். “எம் மகளுக்குக் கருப்பு வந்துச்சு. கிரகணத்துல நான் வெளிய வந்ததாலதான்னு சொல்லி, மூணு வாரமா எங்க வீட்டுல எங்கூட யாரும் பேசுறதில்ல.”

“யாரு குத்தமும் இல்லக்கா” என்றாள் கனகலட்சுமி. “அந்தப் பேப்பரு சேதிய நான் செல்லுல படம் புடிச்சுட்டுப் போயி கார்த்திகா மேடத்துக்கிட்ட காட்டிக் கேட்டேன். அதுல சாபமும் இல்ல, உடனே போடுற மருந்தும் இல்ல. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம், அததுக்கு ஏத்த மாதிரிப் பொறுமையாச் சொல்லிக்குடுக்கணும், அம்புட்டுதான்னாக. கிரகணத்தப் பத்தி ஒரு வரிகூட இல்லியாம்.”

பரிபூரணம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

“இது முந்தின பிள்ளையோட மிச்சக் கழிவு!” என்று பாண்டிதுரை ஆரம்பித்தார். அதற்குள் பலசரக்குக் கடை வினோத் எழுந்துவிட்டார். “ஏலே, நீ அந்த வாட்டர் ஃபில்டர் பாண்டிதுரைதான? எங்க வீட்டுக் கொழாத் தண்ணியில இதே மாதிரிக் கம்பிய விட்டு, எம்புட்டு அழுக்கு பாருங்கன்னு காட்டித்தான ஃபில்டர் வித்த?” அன்று குழாய்த் தண்ணீரிலிருந்த அழுக்கு, தாடி வளர்ந்ததும் பிள்ளைகளின் மூளைக்குக் குடிபோயிருந்தது.

பாண்டிதுரை கடைசியாக ஒன்று செய்தார். முத்துக்குமரன் காதருகே குனிந்தார். அவர் கையிலிருந்த மைக்கை அணைக்க நான் மறந்திருந்தேன். “சார், ஒரே ஒரு சிட்டிங். காசு வேண்டாம். இன்னிக்கே ‘அப்பா’ன்னு கூப்பிட்டுருவான்.”

முத்துக்குமரன் தயங்கினார். கண்ணால் பார்த்த பிறகும் தயங்கினார். லீவு இன்னும் ஆறு நாள்தான்.

அந்தச் சந்தடியில் தனுஷ் அம்மாவின் கைப்பையைத் தரையில் கொட்டியிருந்தான். வளையத்தை எடுத்தான். தண்ணீரைத் தள்ளினான், சோற்றைத் தள்ளினான், ஊஞ்சலைத் தள்ளினான். ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, அம்மாவைத் தாண்டிப் போய், அப்பா கையில் வைத்து அழுத்தினான். விரித்த உள்ளங்கை ஒன்றின் படம். கீழே ‘போதும்’ என்று எழுதியிருந்தது.

“எங்கிட்டயா சொல்லுதான்?” என்றார் முத்துக்குமரன்.

“ஆமாங்க. உங்ககிட்டத்தான் பேசுதான்.”

அவர் போய் பிளக்கைப் பிடுங்கினார். திரும்பி வந்து மகன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் வேட்டியால் துடைத்தார். அந்தக் காலில் அன்று ஈரமே இல்லை.

பாண்டிதுரை சமையற்கட்டு வழியாக வெளியேறினார். இந்நேரம் வேறு ஊரில் வேறு மைக் செட்காரன் கிடைத்திருப்பான். உங்கள் ஊராகவும் இருக்கலாம். அங்கே தொட்டியைக் காட்டினால், காலை வைக்கும் முன்னே வெறும் தொட்டியை ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். கேள்வி கேட்கப் படித்திருக்கத் தேவையில்லை.

அந்த மண்டபத்தில் நான் உட்பட முந்நூறு பேர் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். முதல் மூன்று ஞாயிறும் ஒருத்தர் வாயிலும் ‘போதும்’ என்று வரவில்லை. கடைசியில் அதைச் சொன்னவனைத்தான், பேச்சு வராதவன் என்று கூட்டி வந்திருந்தார்கள்.