அத்தான் படத்தில் என் முகம்

பாறசாலை,
கொல்லம் 1131 ஆனி மாதம், வியாழக்கிழமை.

சென்னைப் பட்டணத்தில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி மருமகன் மோகனனுக்கு, தாய்மாமன் நாகமணி மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நான், உன் அம்மா, சினைப்பசு எல்லோரும் சுகம். நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன் என்பதைத் தனியாக அழுத்தி எழுதுகிறேன். வேறு விதமாக அங்கே யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே. என் முகம் உள்ள படத்துக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டது உண்மைதான். ஒரு கட்சி அல்ல, இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக விட்டார்கள். அந்த விவரம் முழுவதையும் எழுதினால்தான் நான் கடைசியில் கேட்கப்போகிற காரியம் உனக்குப் புரியும். ஆகையால் இதை ஆபீசில் வைத்து வாசிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து வாசி.

உன் அப்பா சுயம்பு புலவர் காலமாகி வருகிற ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. நாஞ்சில் நாட்டிலிருந்து நெய்யாற்றின்கரை வரை அவருடைய வில்லுப்பாட்டு இல்லாமல் ஒரு கோயில் கொடை நடந்ததா? நான் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகிற வேலையில் இருந்தபோது, என் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துகிற ஊர்களில்கூட, புலவருடைய மச்சினன் என்று தெரிந்தால் மோர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். சம்மனை வாங்கமாட்டார்கள், அது வேறு விஷயம். அத்தான் பாட்டில் அம்மன் மலையிலிருந்து இறங்கி வருகிற இடம் உனக்கு நினைவிருக்கும். எந்த ஊரில் கொடையோ அந்த ஊர் வழியாகத்தான் அம்மன் வருவாள். தக்கலையில் பாடினால் தக்கலைச் சந்தையில் வெற்றிலை வாங்குவாள். பெருங்கடவிளையில் பாடினால் அங்கே மரச்சீனித் தோட்டத்தைப் பார்த்து நிற்பாள், பாலராமபுரத்தில் பாடினால் தறிக்காரரிடம் தோளில் போட ஒரு புது நேரியல் கேட்பாள். ஜனங்கள் தங்கள் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று தூங்காமல் காத்திருப்பார்கள். நீ அவரோடு சண்டை போட்டு, வில்லுக்குப் பக்கத்தில் குடம் அடிக்க உட்காரமாட்டேன் என்று பட்டணத்துக்கு ரயிலேறின வருஷம், நம்முடைய ஊர்க்கொடையில் அம்மன் ஆற்றைத் தாண்டி, ரயிலேறி, மதறாஸ் பட்டணத்துக்கே போய்விட்டாள். அங்கே ஆபீசில் ஒரு பயல் மத்தியானம் சாப்பிட்டானா என்று எட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் கோயிலுக்கு வந்தாள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. இதை நான் உனக்கு அப்போதே எழுதியிருக்கவேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாஷையைப் பார்த்து ராஜ்ய எல்லை பிரிக்கப்போகிறார்கள் என்று ஆனதும் இங்கே உயிரோடு இருக்கிறவர்களை யாரும் மதிப்பதில்லை, செத்தவர்களுக்குத்தான் கிராக்கி. நம்முடைய தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேரவேண்டும் என்கிற தமிழ்க் கமிட்டிக்குச் செயலாளர் கனகதாஸ். தாலுகா திருவனந்தபுரத்தோடுதான் இருக்கவேண்டும் என்கிற வாசகசாலைக்காரர்களுக்குச் செயலாளர் எலியா. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், இன்றைக்கும் ஒரே கடையில்தான் சாயா குடிக்கிறார்கள். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் நம் வீட்டுப் படியேறினார்கள்.

"மாமா, புலவர் பாடினது தமிழு. அவரு நமக்க ஆளாக்கும். கூட்டத்துல வைக்க அவருக்க படம் ஒண்ணு வேணும்" என்றான் கனகதாஸ்.

"பாடினது தமிழுதான். இடையில பறஞ்ச தமாசெல்லாம் மலையாளமாக்கும். சனம் சிரிச்சது எதுக்கு? தமாசுக்கு. அப்பம் ஆளு நமக்குள்ளதாக்கும்" என்றான் எலியா.

உன் அம்மா இருவருக்கும் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "பாட்டும் தமாசும் நீங்க எடுத்துக்கிடுங்க மக்கா. மிச்சம் வல்லதும் உண்டும்னா எனக்குத் தாங்க" என்றாள். இரண்டு பேரும் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி படத்தைத்தான் கேட்டார்கள்.

படத்துக்கு எங்கே போவது? அத்தான் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் போட்டோ எடுத்துக்கொண்டார். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த ஸ்டுடியோக்காரர் அசையாதீர்கள் என்று சொன்ன அந்த நிமிஷம் பார்த்து அத்தானுக்குப் பாட்டு வந்துவிட்டது. பாட்டு வந்தால் தலை ஆடாமல் இருக்குமா? உடுக்கை அடிக்கிறவர் தெளிவு, குடம் தெளிவு, பின்னால் தெரியாமல் நுழைந்த ஆடுகூடத் தெளிவு. அத்தானுடைய கழுத்துக்குமேல் மட்டும் திருநீறு கொட்டினதுபோல ஒரு வெள்ளை. அதை வைத்துக்கொண்டு எந்தக் கட்சி என்ன செய்யும்?

நெய்யாற்றின்கரையில் போர்டு எழுதுகிற ராபின்சன் என்று ஓர் ஆள் உண்டு. கடைப் பெயரும் எழுதுவார், தகப்பன் தாத்தா படமும் வரைவார். குடும்பத்தில் ஓர் ஆள் முன்னால் உட்கார்ந்தால் போதும், சாயலைப் பிடித்துவிடுவேன் என்றாராம். கனகதாஸ் என்னைக் கூட்டிப்போனான். நான் புலவருக்கு ரத்த உறவு இல்லை, பெண் கொடுத்த வீட்டு உறவு என்று சொன்னேன்.

ராபின்சன் தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "ஒரே வீட்டுல சோறு தின்னிருக்கியளா?" என்று கேட்டார்.

"பத்து வருஷம் தின்னிருக்கேன்."

"அப்பம் சாயல் வந்திருக்கும். அங்கோட்டு இரியும்" என்று சொல்லிவிட்டார்.

மீசை அத்தானுடையது, தலைப்பாகை அத்தானுடையது, வில்லில் அடிக்கக் கையில் பிடித்த வீசுகோல் அத்தானுடையது. மூக்கு, கண், தாடை எல்லாம் அடியேன். அடுத்த வாரம் எலியா போய்க் கேட்டபோது ராபின்சனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. அதே முகத்தை இன்னொரு தடவை எழுதி, சரிகைபோட்ட கசவுக்கரை நேரியலையும் சந்தனக்குறியையும் வைத்துக் கொடுத்துவிட்டார். இப்படியாகத் தமிழனாக ஒரு தடவையும் மலையாளியாக ஒரு தடவையும் நான் சுவரேறினேன். என்னைக் கேட்டால் மலையாளப் படத்தில் கொஞ்சம் களையாகத்தான் இருக்கிறேன், கனகதாஸிடம் சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எழுதினால் காகிதம் போதாது. சந்தைக்குப் போனால் மீன் விற்கிற ஆனந்தபாய் என்னைப் பார்த்துக் கூடையைக் கீழே போட்டுவிட்டு, "புலவரே, உங்களுக்கு அங்க ஒண்ணும் குறைவில்லியே" என்று கும்பிடுகிறாள், கும்பிட்ட கையோடு சாளை மீனுக்குக் கூடுதல் விலையும் சொல்கிறாள், செத்தவரோடு யார் பேரம் பேசுவார்கள் என்று நினைத்திருக்கலாம். பஸ்ஸில் போனால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. நின்றுகொண்டே வருகிறார்களே தவிர அந்த இடத்தில் ஒருவரும் உட்காரமாட்டார்கள். போன வாரம் வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் என் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தான் ஆ ஜாதையில் கொண்டுபோய படத்திலே ஆளல்லே? நேதாவாணோ?" என்று கேட்டார். தலைவர் இல்லை, ஊர்வலத்தில் போன அந்தப் படத்தில் இருக்கிறவர் இறந்துபோனார் என்று நான் உண்மையைச் சொன்னேன். "மரிச்ச ஆளு பின்னே பஸ்ஸில் கேறியது எந்தினா?" என்று, செத்தவனுக்குப் பஸ் எதற்கு என்கிற கணக்கில் கேட்டு, இறக்கி நிறுத்திவைத்தார். விஷயம் கேள்விப்பட்டுக் கனகதாஸும் எலியாவும் ஓடிவந்து, கூட்டத்தில் மூச்சுமுட்ட ஏசிக்கொண்ட அதே வாயால், ஒன்றாக நின்று, இவர் புலவர் இல்லை, புலவருடைய மச்சினன், ஒன்றுக்கும் கொள்ளாத ஆள் என்று சாட்சி சொல்லி என்னை மீட்டார்கள். இந்த எல்லைத் தகராறு தொடங்கின நாளிலிருந்து இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

இதெல்லாம் சிரித்துப் போகிற காரியம். சிரிக்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. ஆடியில் அத்தானுக்கு ஆண்டுத் திதிப் பலி கொடுக்கவேண்டும். கட்சிக்காரர்கள் படத்தை நம் வீட்டுக்கே தருகிறோம் என்கிறார்கள். அக்காவோ உயிரோடு இருக்கிற தம்பியின் முகத்துக்கு முன்னால் விளக்கு வைக்கமாட்டேன் என்கிறாள், அவள் வைத்தாலும் நான் சம்மதிக்கமாட்டேன், எனக்குப் பென்ஷன் வாங்கி ஆசை தீரவில்லை. ஆனால் மோகனா, உண்மையான சங்கடம் விளக்கு அல்ல. நேற்று சவரம் செய்ய உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அத்தான் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் படம்தான் வந்தது. குரல் வருகிறது, வெற்றிலை வாசனை வருகிறது, பாட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பது வருகிறது, அந்தக் கண் மட்டும் என் கண்ணாக இருக்கிறது. எனக்குப் பயமாகிவிட்டது. கண்ணாடியைக் கவிழ்த்துவைத்துவிட்டு மீதித் தாடையைத் தடவித் தடவி மழித்தேன். ஒரே வீட்டில் சோறு தின்ற எனக்கே இப்படி என்றால், பிரித்த பிறகு அங்கே ஒரு கூட்டமும் இங்கே ஒரு கூட்டமும் அவரைப்பற்றிப் பேசப்பேச, அந்த மனுஷன் முகம் யாருக்குத்தான் மிஞ்சும்? அக்காவுக்காவது அது சரியாக வேண்டாமா?

ஆகையால் நான் கேட்பது இவ்வளவுதான். நீ உன் அப்பாவை உரித்துவைத்தவன். அந்த நெற்றி, அந்த மூக்கு, சிரித்தால் ஒரு பக்கம் ஏறுகிற வாய், எல்லாம் அவரேதான். பட்டணத்தில் நல்ல ஸ்டுடியோவாகப் பார்த்து, வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, தயவுசெய்து தலையை ஆட்டாமல், ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. ராபின்சனிடம் கொடுத்து நரை போட்டு வாங்கிக்கொள்கிறேன். பலிக்கு முன்னால் வந்தால் போதும். நீ வரவேண்டாம். பஸ் எந்த நாள் ஓடும், எந்த நாள் ஓடாது என்று யாருக்கும் தெரியவில்லை, உனக்கு லீவு கிடைப்பதும் கஷ்டம். உன் அப்பா காலமானபோது கலவரத்தில் மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு, நீ ஒருநாள் பிந்தி வந்து சேர்ந்த அலைச்சலை நான் மறக்கவில்லை. மறுபடி அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம். படம் வந்தால் நீ வந்த மாதிரிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. ஓட்டல் சாம்பாரை நம்பாதே. உனக்கு நீண்ட ஆயுளும் உத்தியோக உயர்வும் நம்முடைய அம்மன் தரட்டும், அவள் அப்போது எந்த ராஜ்யத்தில் இருந்தாலும்.

இப்படிக்கு,
இன்றுவரை உயிரோடிருக்கும் உன் மாமா,
நாகமணி.

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது அக்கா வாசித்துக் காட்டச் சொன்னாள். போலீஸ்காரர் கட்டம் வரை சிரித்தாள். போட்டோ கேட்கிற இடம் வந்ததும் கையை நீட்டிக் காகிதத்தை மறைத்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எலே நாகமணி, அவருக்க முகம் எனக்கு மறந்துபோச்சுன்னு ஆருலே உனக்குச் சொன்னது? மறந்தது உனக்காக்கும். எனக்கு அது சாவுற வரைக்கும் உண்டு. நான் மறந்தோண்டு வாறது பயலுக்க முகமாக்கும். அண்ணைக்குப் பிந்தி வந்தவன் தலைய நிமுத்தவே இல்ல. சோறு போட்டேன், இலையப் பாத்தோண்டே இருந்தான். விடியக்கால எழும்பிப் போவும்பமும் முகத்தக் காட்டல்ல. நான் அவனுக்க உச்சியத்தான் பாத்தேன்." ஆகையால் மேலே எழுதியது எதையும் செய்யாதே. போட்டோ எடுக்காதே, தபாலில் ஒன்றும் அனுப்பாதே. புறப்பட்டு வா. பஸ் ஓடாவிட்டால் நடந்து வா. பிந்தினதுக்கு அவள் உன்மேல் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. வாசலில் ஏறும்போது தலையை நிமிர்த்திக்கொண்டு வரச் சொல்கிறாள்.